இரட்டைப் பிள்ளை பெற்றவளின் கை

சின்னத்தாய் கைபட்டால் பெங்களூர் கப்பன் பார்க்கில் சாய்ந்த மரம்கூட நிமிர்ந்துவிடும். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். நீலசந்திராவில் சில கழுத்துப் பிடிப்புகள் விட்டதுண்டு. இரட்டைப் பிள்ளை பெற்றவள் எண்ணெய் தொட்டு வழித்தால் சுளுக்குப் போய்விடும் என்று அக்கம்பக்கம் அவளிடம்தான் வரும். அந்த இரட்டையில் ஒருவனான தாஸைக் கட்டியவள் தனலக்ஷ்மி.

கோலார் சுரங்கத் தூசி தாஸின் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. 1958ஆம் வருஷம் வீடு தனத்தின் சம்பளத்தில்தான் ஓடியது. ஃபாக்டரியில் முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றும் வேலை. ஃபோர்மன் முன்னால் சுற்றிக் காட்டினால்தான் வேலை நிரந்தரம். அந்தச் சமயம் பார்த்து வலது கட்டைவிரலின் அடியில் வலி பிடித்தது.

"சுளுக்குதான்" என்று சின்னத்தாய் காலையும் மாலையும் வழித்தாள். வழிக்க வழிக்க வீங்கியது.

ஃபாக்டரி டிஸ்பென்சரி நர்ஸ் நோரா, கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்தாள். தனத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"சுளுக்கு இல்லேம்மா. விரலை இழுக்கிற நாண் ஒரு உறைக்குள்ளே ஓடுது, பாவாடை நாடா மாதிரி. ஓயாம இழுத்து உறை வீங்கிடுச்சு. தேய்ச்சா இன்னும் வீங்கும். யாரு தேய்ச்சது?"

"மாமியாருங்க. இரட்டைப் புள்ள பெத்தவங்க."

"நாலு பெத்தாலும் தேய்க்கக் கூடாது. ரெஸ்ட் குடு."

விரலையும் மணிக்கட்டையும் அசையவிடாமல் மெல்லிய பலகை வைத்துக் கட்டினாள். ஃபோர்மனிடம் பேசி, சுற்றிக் காட்டுவதை மாதக் கடைசிக்குத் தள்ளிவைத்தாள். கை ஓய்ந்ததும் வீக்கம் வடியத் தொடங்கியது.

ஆனால் குழாயடியில் பேச்சுக் கிளம்பியது: சுளுக்கு வழிக்கிறவள் வீட்டிலேயே பலகைக் கட்டாம். சின்னத்தாயால் தாங்க முடியவில்லை. ஃபோர்மன் வரச் சொன்ன நாளுக்கு முந்தின மாலை, மருமகள் கையை மடியில் இழுத்துவைத்து முடிச்சை அவிழ்த்தாள்.

"அத்தே, நர்ஸம்மா வேணாம்னாங்க."

"அவ எத்தினி பெத்தா? இன்னாமே, ஊருக்கே ஆவுற கை உனக்கு ஆவாதா?"

தனம் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்திருந்தால் அந்த வீட்டில் அப்புறம் சோறு இறங்காது. சின்னத்தாய் அழுத்தி அழுத்தி வழித்தாள், ஆசையோடுதான்.

மறுநாள் கம்பி அறுந்தது. முடிச்சுப் போட்டுச் சுற்றினாள், மறுபடி அறுந்தது. ஃபோர்மன் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.

இப்போது தனம் வீட்டில் இடது கையால் ஊதுபத்தி உருட்டுகிறாள். நேற்று கழுத்துப் பிடிப்போடு வந்த கோமளத்துக்கு வழித்தபடியே சின்னத்தாய் சொன்னாள்: "நல்லா இருந்த கை. பலகைய கட்டிக் கெடுத்துட்டா அந்த நர்ஸு."

தனம் உருட்டுவதை நிறுத்தவில்லை.

"கட்டினதால கெடல அத்தே. நீங்க அவுத்ததால."