அண்ணன் விட்டுச் சென்ற தீர்மானம்

எங்கள் அண்ணன் காலமாகி ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் இதில் அவருடைய பெருமைகளை எதிர்பார்ப்பீர்கள். அவையும் கொஞ்சம் உண்டு. ஆனால் அவர் முடிக்க முடியாமல் விட்டுப்போன ஒரு வேலையைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். உடன்பிறந்த தங்கையாக, அதை ஒதுக்கிவிட்டு எழுத மனம் வரவில்லை.

அண்ணன் பிறந்தது மேலகரத்தில். அப்பா தென்காசியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தார். நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோதே அப்பா தவறிவிட்டதால், அண்ணன் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கச் சேர்ந்தார். அந்த வருமானத்தில்தான் அம்மாவைக் காப்பாற்றினார், என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார், திருமணமும் செய்துவைத்தார். பிறகு அண்ணனின் மனைவி, எங்கள் மதினி, தன் நகைகளைக் கழற்றிக் கொடுக்க, தென்காசியில் சொந்தமாக ஒரு சிறு அச்சகம் போட்டார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை விழா நோட்டீஸ், கடைகளுக்கு ரசீதுப் புத்தகம் என்று வேலை வந்தது.

அண்ணன் பிடிவாதக்காரர். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகளின் தாத்தா பெயர் விட்டுப்போயிற்று. வீட்டார் பரவாயில்லை என்று சொன்ன பிறகும் அத்தனையையும் தன் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தார். மதினி அன்று அவரோடு பேசவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஊர்ப் பெரியவர்களும் வியாபாரிகளும் கூடி ஒரு சேவைச் சங்கம் தொடங்கினார்கள். அரிசி ஆலை வைத்திருந்த ஒருவர் தலைவரானார். அண்ணன் செயலாளர். சங்கத்தைப் பதிவு செய்ய அரசாங்கம் கேட்ட விதிகளை எழுதிக் கொடுத்த பிறகு, யாரும் கேட்காத சில விதிகளையும் அண்ணன் எழுதினார். அரிசி வாங்க வருகிறவரை மேடையில் நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது. செய்கிறோம் என்று வெளியே சொன்னதைச் செய்ய முடியாமல் போனால் அதையும் வெளியே சொல்ல வேண்டும். நம்மால் ஒருவருக்குக் கெடுதல் நேர்ந்தால், அவர் வந்து கேட்கும்முன் நாம் போய்ச் சொல்ல வேண்டும். சட்டம் நம்மைக் கேட்காத இடத்தில் நாமே நம்மைக் கேட்டுக்கொள்வதுதான் சங்கம் என்று அண்ணன் விளக்கியபோது எல்லோரும் கை தட்டினார்கள். விதிகளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சங்கக் கட்டிடத்தில் மாட்டினார்கள்.

குற்றாலத்தில் போலீஸ் காவல் இல்லாத ஒரு சிறிய அருவியில் சாரல் காலத்தில் தொண்டர்களை நிறுத்துவது என்று முடிவு செய்ததும் சங்கம்தான். மேலே மலையில் மழை பெய்தால் தண்ணீர் நிறம் மாறும், சருகும் குச்சியும் வரும். அதைப் பார்த்ததும் விசில் ஊதிக் குளிக்கிறவர்களை வெளியேற்ற வேண்டும். “சங்கத் தொண்டர்கள் இங்கே காவல் நிற்கிறார்கள், விசில் கேட்டால் உடனே வெளியேறவும்” என்று ஒரு பலகையும் நட்டார்கள். அண்ணனே பல நாள் நின்றிருக்கிறார். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிய ஒருவர், எண்ணெய் இன்னும் போகவில்லை என்று வெளியே வர மறுத்தாராம். “எண்ணெ மட்டும் போகாது வே, நீரும் சேந்து போவீரு” என்று அண்ணன் சொன்னதும், சுற்றி நின்றவர்கள் சிரிக்க, அவரும் சிரித்துக்கொண்டே வெளியேறினார்.

நெருக்கடி நிலை நீங்கிய மறு ஆண்டு, ஆடி மாதத்தில் சங்கத்தின் ஆண்டு விழா நடந்தது. வெளியூரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருவதாக இருந்தது. ஊர்வலத்துக்கு ஆள் குறைகிறது என்று தலைவர் அருவியில் நின்ற தொண்டர்களையும் வரவழைத்துவிட்டார். இது அண்ணனுக்குத் தெரியாது. பலகை நின்ற இடத்திலேயே நின்றது. அன்று ராயகிரியிலிருந்து நண்பர்களோடு வந்த ஓர் இளைஞர் அந்த அருவியில் குளித்தார். போலீஸ் வேலைக்குத் தேர்வாகி, சேரப் போகும் நாளை எதிர்பார்த்திருந்தவர். விசில் கேட்கவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று நம்பினார்கள். காட்டாற்று வெள்ளம் அவரை அடித்துக்கொண்டு போயிற்று. மற்றவர்கள் பாறையைப் பிடித்துத் தப்பினார்கள்.

செய்தி வந்தபோது அண்ணன் விழா மேடையில் கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நிர்வாகக் குழு கூடியது. அங்கே நடந்ததை அண்ணன் எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். உடனே ராயகிரிக்குப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அண்ணன் கேட்டார். சங்கத்தின் பெயர் கெட்டால் நாளைக்கு யார் நன்கொடை கொடுப்பார்கள் என்று மற்றவர்கள் மறுத்தார்கள்.

“நாம என்ன சம்பளத்துக்கா நிக்கோம், தம்பி?” என்றார் தலைவர். “சும்மா செய்யுத வேலைக்கு யாரு நம்மளக் கேக்க முடியும்?”

“யாரும் கேக்க முடியாது அண்ணாச்சி. நம்மள நிக்கச் சொல்லியும் யாரும் கேக்கல. நிப்போம்னு நாமளாத்தான எழுதி வச்சோம்? அத நம்பித்தான அந்தப் பையன் தண்ணிக்குள்ள எறங்குனான்?”

அண்ணன் பேச்சு எடுபடவில்லை. அந்த இளைஞர் குடித்திருந்தார், தொண்டர்களின் எச்சரிக்கையை மீறி இறங்கினார் என்று சங்கத்தின் பெயரில் ஒரு நோட்டீஸ் எழுதினார்கள். அச்சடிக்க அண்ணனிடமே கொடுத்தனுப்பினார்கள். அவர் அதைத் திருப்பி அனுப்பினார். கடையநல்லூரில் அடித்து வாங்கி, தென்காசி, குற்றாலம், ராயகிரி வரைக்கும் ஒட்டினார்கள். ஆளே இல்லாத எச்சரிக்கையை ஒருவன் எப்படி மீறுவான் என்று அண்ணன் வீட்டில் எங்களிடம் கேட்டார். எங்களிடம் கேட்டு என்ன பயன்?

செயலாளர் பொறுப்பை விட்டு விலகி, உறுப்பினராக மட்டும் இருந்துகொண்டார். அந்த வாரமே ராயகிரிக்குப் போனார். மதினியும் நானும் கூடப் போனோம். இளைஞரின் தகப்பனார் எங்களைப் பார்த்ததும் எழுந்து வயல் பக்கம் போய்விட்டார். தாயார் மட்டும் எங்கள் முன்னால் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

“என் மவன் குடிச்சிருந்தானாய்யா?”

“இல்லம்மா. பஸ்ஸ விட்டு எறங்கி நேரா குளிக்கத்தான் வந்திருக்கான். அங்கன நின்னிருக்க வேண்டிய எங்க ஆளுதான் ஒருத்தரும் நிக்கல.”

அந்த அம்மா, “இத எங்கிட்ட வந்து சொல்லுதிய. நோட்டீசு ஊரு பூரா ஒட்டிருக்கே, அத யாரு கிழிப்பா?” என்றார்.

அந்தக் கேள்வியோடுதான் அண்ணன் மீதி வாழ்நாளைக் கழித்தார்.

அண்ணன் தன் பெயரிலேயே மறுப்பு நோட்டீஸ் அடித்து, தானே பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஒட்டினார். பதவி போன ஆத்திரத்தில் எழுதுகிறார் என்று சங்கத்தார் சொன்னார்கள். ஊரும் அதைத்தான் நம்பியது. பொய் சங்கத்தின் பெயரில் போயிருக்கிறது, மெய்யும் அதே பெயரில் போனால்தான் எடுபடும் என்று அண்ணனுக்குப் புரிந்தது. அதனால் ஆண்டுதோறும் பொதுக்குழுவில் ஒரே தீர்மானத்தை முன்மொழிந்தார். வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். யாரும் எழுந்திருக்கவில்லை. அண்ணனிடம் தனியாக வந்து கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் சொல்வதுதான் நியாயம் என்றவர்கள் உண்டு. கூட்டத்தில் அவர்களும் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

சங்கத்தாரின் கடைகளிலிருந்து அச்சகத்துக்கு வேலை வருவது நின்றது. அண்ணன் மகளின் கல்யாணம் தள்ளிப்போனது. கெட்ட பெயர் வந்ததுதான் மிச்சம் என்று சங்கம் அருவிக் காவலைக் கைவிட்டது. அண்ணன் மட்டும் சாரல் காலத்தில் அச்சகத்தைப் பூட்டிவிட்டு அங்கே போய் நின்றார். நனைந்து நனைந்து நெஞ்சில் சளி கட்டியது. மதினி அழுதும் பார்த்தார், சண்டை போட்டும் பார்த்தார். “நான் நின்னாப் போன உயிரு வருமான்னு கேக்காத. நிக்காமப் போனதத்தான் பாத்தாச்சே” என்பார். அவர் செய்ததில் மதினிக்கும் பிள்ளைகளுக்கும் நேர்ந்த கஷ்டத்தை நான் மறைக்கப் போவதில்லை. அவர்களுக்கு அவர் எதுவும் சேர்த்து வைக்கவில்லை.

கடைசியாகக் கலந்துகொண்ட பொதுக்குழுவில் அண்ணனால் நின்று பேச முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தீர்மானத்தை வாசித்தார். பாதியில் இருமல் வந்து வாசிப்பு நின்றுபோயிற்று. மீதியை வாசிக்கவும் ஒருவரும் முன்வரவில்லை. சென்ற ஐப்பசியில், தென்காசி ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது. முந்தைய நாள் என்னிடம், அந்த அம்மா இன்னும் இருக்கிறார்களா என்றுதான் விசாரித்தார்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குத் தலைவரும் நிர்வாகிகளும் வந்தார்கள். அண்ணனைச் சங்கத்தின் தூண் என்று புகழ்ந்து நிறைவேற்றிய இரங்கல் தீர்மானத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். மதினி அதைக் கையில் வாங்காமல், இதை நிறைவேற்ற எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டார்.

“நேரம் என்னம்மா நேரம். எல்லாரும் எந்திரிச்சு நின்னோம், ஒருமனதா நிறைவேறிட்டு” என்றார் தலைவர்.

“அவுக இருக்கும்போது ஒருத்தராவது அப்படி எந்திரிச்சிருக்கலாமே, அண்ணாச்சி.”

அவர்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

அண்ணனின் நோய்க் காலத்தில் மறுபேச்சில்லாமல் வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், சம்பளம் வராத மாதங்களிலும் அச்சகத்தை விட்டுப் போகாமல், இந்த மலரையும் கோத்துக் கொடுத்த தொழிலாளர்களுக்கும், மகளின் கல்யாணத்தை முன்நின்று முடித்துவைத்த மேலகரத்து உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணன் இறந்த செய்தி கேட்டு பஸ் பிடித்து வந்து, மதினியின் பக்கத்தில் அன்று முழுவதும் உட்கார்ந்திருந்த ராயகிரி அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அண்ணன் முன்மொழிந்த தீர்மானம் இது:

“அருவியில் உயிரிழந்த இளைஞர் குடித்திருந்தார், எச்சரிக்கையை மீறினார் என்று நம் சங்கம் சொன்னது உண்மையல்ல. அன்று அங்கே நம் தொண்டர் ஒருவரும் இல்லை. நிற்போம் என்று சொல்லிவிட்டு நாம் நிற்கவில்லை. இதை அவருடைய பெற்றோரிடம் நேரில் சொல்லி, முதல் நோட்டீஸ் ஒட்டிய ஊர்களில் எல்லாம் இதையும் ஒட்டுவது என்று பொதுக்குழு தீர்மானிக்கிறது.”

மதினியும் நானும் உறுப்பினர்கள் அல்ல, எங்களால் இதைக் கூட்டத்தில் வைக்க முடியாது. இந்த மலரை வாங்குகிறவர்களில் சங்க உறுப்பினர்கள் பலர் இருக்கிறீர்கள். இனி இதை முன்மொழியவும் உங்களில் ஒருவர் வேண்டும், வழிமொழியவும் ஒருவர் வேண்டும். அந்த ராயகிரி அம்மாவுக்கு இப்போது கண் பார்வை போய்விட்டது. சுவரில் ஒட்டினால் அவர்களால் படிக்க முடியாது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டலாம், காது இன்னும் கேட்கிறது.