சிடி சொல்லித் தந்த பியானோ

ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. தெருவில் நான் பின்போர்ஷன் அம்மா. கணவருடைய கம்பெனி ஆட்களுக்கு சார் வீட்டம்மா. எனக்கென்று ஒரு இடம் வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் சபையில் ஆராதனைக்குக் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது.

எங்களுடையது சின்ன சபை. சிப்காட் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே, வாடகைக் கூடம். தெற்கேயிருந்து வேலைக்கு வந்த நாங்கள், இந்த மண்ணிலேயே பிறந்த தெலுங்குக்காரர்கள், கன்னடக்காரர்கள் எல்லாரும் ஒரே பாயில் உட்காருவோம். ஒரே ராகத்தை அவரவர் பாஷையில், ஒரே நேரத்தில் பாடுவது அங்கே வழக்கம். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆனால் முடிக்கும்போது எப்படியோ சேர்ந்து முடிப்பார்கள்.

"கிறிஸ்துமஸுக்குப் பெங்களூர்ல இருந்து ஒருத்தர வரச் சொல்லட்டுமா?" என்று போதகர் எல்லாரையும் பார்த்துக் கேட்டார்.

"வேண்டாம் பாஸ்டர், நான் வாசிக்கிறேன்" என்றேன். அதுவரை கீபோர்டில் ஒரு கட்டையைக்கூட நான் தொட்டதில்லை. என் வாய் அப்படி.

அவர் சிரித்தார். "சரிம்மா. கிறிஸ்துமஸுக்கு நீங்களே வாசிங்க. சரிப்படலன்னா புது வருஷத்துல இருந்து அவரையே வெச்சுக்கலாம்."

பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த இசை வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். மாஸ்டர் என் விரலைப் பார்த்து "இப்படி இல்லம்மா, இப்படி" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். நல்ல மனிதர்தான். எனக்குத்தான் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மறுநாள் நான் போகவில்லை. கணவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எங்கெங்கோ தேடி, பியானோ கற்றுத்தரும் சிடி ஒன்றை வாங்கிவந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டார். சபையின் கீபோர்டைக் கேட்டு வாங்கி அதோடு ஒரு வயரால் இணைத்தார்.

"இந்தா, இத எவ்வளவு வேணாலும் திட்டிக்க. திருப்பித் திட்டாது."

திரையில் வண்ணப் பட்டைகள் மேலிருந்து இறங்கும். பட்டை கீழே வந்து தொடும்போது அதற்குரிய கட்டையை அழுத்த வேண்டும். தப்பாக அழுத்தினால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். உச்சுக் கொட்டாது, முகம் சுளிக்காது. குக்கரை இறக்கிவைத்துவிட்டு ஆற அமர வந்து சரியான கட்டையை அழுத்தினாலும், ஒன்றும் நடக்காததுபோல் பாட்டு தொடரும். பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, எனக்காக ஒருவரும் அப்படிக் காத்திருந்ததில்லை. கரண்ட் போனால் மட்டும் அதுவும் என்னைக் கைவிடும். அப்போது சாப்பாட்டு மேசையில் விரலைத் தட்டிக்கொண்டிருப்பேன். சபையில் பாடும் கிறிஸ்துமஸ் பாட்டின் ராகமும் அந்தச் சிடியிலேயே இருந்தது, வெளிநாட்டு ராகம்தானே. மார்கழிக் குளிர் தொடங்குவதற்குள் அது என் விரலில் ஏறிவிட்டது. அந்த இயந்திரத்துக்கு இன்றைக்கும் என் மனசில் நன்றி உண்டு.

கிறிஸ்துமஸ் காலையில் முதல் சரணம் நன்றாகவே போனது. இரண்டாவதில் ஒரு விரல் வழுக்கியது. உடனே என் கை நின்றது. திரையோடு பழகிய கை வேறென்ன செய்யும்? சரியான கட்டையைத் தேடிப் பிடித்து அழுத்திவிட்டு நிமிர்ந்தேன். பாட்டு எங்கேயோ போய்விட்டிருந்தது. தமிழில் ஒரு வார்த்தை, தெலுங்கில் ஒரு வார்த்தை, பின்னால் கன்னடம். எதைப் பிடித்து உள்ளே நுழைவதென்று தெரியவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். மீதிப் பாட்டு முழுவதும் நான் இல்லாமலேயே நடந்தது.

ஆராதனை முடிந்ததும் கீபோர்டை உறை போட்டு மூட ஆரம்பித்தேன். யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்யும் தெலுங்குக்கார அக்கா ஒருவர் எதிரே வந்து நின்றார். கூடவே நாலைந்து பெண்கள்.

"ஏம்மா மூடற? கேக்கு வெட்டறதுக்குள்ள அந்தப் பாட்ட இன்னொருக்கா பாடிரலாம்."

"நான்தான் பாதியில நின்னுட்டேனே அக்கா. பெங்களூர்க்காரரே வரட்டும்."

"நீ நின்ன, சரி. நாங்க நின்னமா? நாங்க பாடிக்கினே இருக்கோம், நீ எங்க வேணா வந்து சேந்துக்கோ."

உறையை எடுத்துவிட்டு மறுபடி வாசிக்கத் தொடங்கினேன். அதே இடத்தில் அதே விரல் மறுபடி வழுக்கியது. இந்த முறை தப்பை அங்கேயே விட்டுவிட்டு அக்காவின் வாயைப் பார்த்தேன். அவர் அடுத்த அடிக்கு மூச்சை இழுத்தார். நானும் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டேன். எல்லாரும் ஒன்றாக முடித்தோம்.

கேக்குத் தட்டோடு வெளியே வந்தபோது, போதகர் மாடிப்படியில் நின்று செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். பெங்களூர்க்காரர் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்.

"உங்களுக்கும் வாழ்த்துக்கள்ங்க. இல்லங்க, வர வேண்டாம். எங்ககிட்ட ஆள் இருக்காங்க" என்றார்.

அத்தனை பேர் நடுவில், கையில் கேக்கை வைத்துக்கொண்டு, நான் அழுதேன்.