மஞ்சளை ஒளித்து வைப்பவர்

கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டாயிற்று. மாம்பழ நிறச் சேலை மறைந்தது. எட்டிப் பார்த்த தாலிக்கயிற்றையும் உள்ளே தள்ளிவிட்டு, மேசையிலிருந்த மஞ்சள் சாப்பாட்டுப் பையை அலமாரிக்குள் திணிக்கிறார் அபிதகுஜாம்பாள். தாம்பரத்து மருத்துவமனை ஒன்றின் லேபில் எல்லோருக்கும் அவர் அபிதாக்கா. முதுகுத்தண்டு நீர் சோதனைக்கு வந்துவிட்டால் அறையில் மஞ்சள் என்று ஒன்று கண்ணில் படக் கூடாது.

"கண்ணு ஏமாத்தும்பா. பக்கத்துல மஞ்சா கீதுன்னா தண்ணியும் மஞ்சாத்தான் தெரியும்."

இன்றைய நீர் முடிச்சூர் பாலுவுடையது. நேற்றுக் காலை கடை ஷட்டரைத் தூக்கும்போது மண்டைக்குள் இடி விழுந்தாற்போல வலித்து, அப்படியே உட்கார்ந்துவிட்டவர். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனாலும் மூளையில் ரத்தம் கசிந்திருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். இன்று முதுகில் ஊசி போட்டு அடுத்தடுத்த குழாய்களில் நீர் எடுத்தார்கள். சிவப்பாக வந்தது. ஊசி குத்தியதால் வந்த ரத்தமா, தலைக்குள்ளிருந்து வந்த ரத்தமா?

ஊசி குத்திய ரத்தமென்றால் போகப் போகக் குறையும்; முதல் குழாயைவிடக் கடைசிக் குழாயில் சிவப்பு குறைவுதான். "அத்த மட்டும் வச்சு குஷியாவாத அபிதா" என்று தன்னையே அதட்டிக்கொள்கிறார். வெளிச்சத்தில் நிறம் மங்கிவிடும் என்று ஃபாயிலில் சுற்றி வந்த குழாயை எடுத்து மெஷினில் போட்டுச் சுழலவிடுகிறார். சிவப்பு அடியில் படிந்தபின் மேலே நிற்கும் நீர் தெளிவாக இருந்தால், பெரும்பாலும் ஊசியின் வேலை. மஞ்சளித்திருந்தால், நேற்றே தலைக்குள் கசிந்த பழைய ரத்தம்.

கதவருகே பெஞ்சில் பாலுவின் மனைவி ஓவியா. "அக்கா, எதுனா தெரிஞ்சுதா?"

"மெஷின் சுத்தினு கீதும்மா. எதுனா சாப்ட்டியா?"

"எங்க எறங்குதுக்கா."

மெஷின் நிற்கிறது. மேல்நீரைப் புதுக் குழாயில் ஊற்றி, பக்கத்தில் வெறும் தண்ணீர்க் குழாய் ஒன்றையும் வெள்ளைத் தாள் முன்னே நிறுத்துகிறார். தன் கண் ஒன்றையே நம்பி முடிவு செய்வதில்லை. அடுத்த அறையில் எக்ஸ்ரே எடுக்கும் காலேபைக் கூப்பிடுகிறார்.

"இன்னாக்கா, மறுபடியும் கண்ணு டெஸ்ட்டா?"

"வாய மூடினு பாரு. எது தண்ணி?"

காலேப் குனிகிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மீண்டும் குனிகிறார்.

"ரெண்டுமே தண்ணிதானேக்கா? கலாய்க்கிறியா?"

அபிதாக்கா குழாய்களை இடம் மாற்றுகிறார். "இன்னொரு தபா பாரு."

"அதே தண்ணிதான்க்கா."

அபிதாக்கா டாக்டருக்குப் போன் போடுகிறார். "சார், மேல்தண்ணியில மஞ்சள் இல்ல. கடைசிக் குழாயில ரத்த செல்லும் கொறஞ்சிருக்கு. நீங்க பாத்துச் சொல்லிடுங்க."

முடிவைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். ஓவியா எழுந்து நிற்கிறாள். "டாக்டர் கூப்புடுவாரும்மா" என்கிறார் அபிதாக்கா. கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றி, தாலிக்கயிற்றை வெளியே எடுத்து, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொள்கிறார்.