சருகு மெத்தை

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு பஸ் ஓட்டுகிறேன். காலை ஷிப்டுக்கு ஆள்களை இறக்கிவிட்டால் மதியம் வரைக்கும் என் நேரம் என்னுடையது. அந்த நேரத்தில் பாறை ஏறுகிறேன் என்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் எதுக்கு என்பார்கள். சிறுமலை அடிவாரத்தில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கிறவர் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: "எலுமிச்சை பறிக்கவே எனக்கு ஏணி வேணும் அப்பு. நீங்க என்னடான்னா ஏணி சாத்த முடியாத எடமாப் பாத்து வாரீக."

அவர் தோட்டத்துக்குப் பின்னால்தான் எங்கள் பாறை. மேற்குப் பார்த்து நிற்கும். காலையில் மலையே அதற்குக் குடை, முன்னால் மரங்கள் வேறு. ரோட்டில் தார் இளகுகிற நாளிலும் அங்கே கை வைத்தால் பானையைத் தொட்ட மாதிரி சில்லென்றிருக்கும்.

எங்கள் பாறை என்றால் எனக்கும் மில்லில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கும். சின்னாளப்பட்டியில் பிறந்தவள், வாக்கப்பட்டு வேடசந்தூர் வந்தவள். ஒருநாள் டிரைவர் சீட்டுக்கு அடியில் என் கயிற்றுச் சுருளைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, எருமை வாங்கிட்டீகளா?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அடுத்த வார லீவுக்குப் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். பைக் மெக்கானிக் அவர். பாறையை அண்ணாந்து பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீ ஏறு. எனக்குப் பாக்கத் தெம்பு இல்ல, டீ குடிச்சிட்டு வாரேன்" என்று போய்விட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிடுவார், "பாத்துக் கூட்டிட்டு வாங்கண்ணே" என்பார், டீக்கடைக்குப் போய்விடுவார். அந்த மூணு வார்த்தை என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் மலைக்கு வரும்.

ஏறுவது எப்படி என்றால், பாறையில் வரிசையாக வளையம் வைத்த போல்ட்டுகள் இருக்கும். ஏறுகிறவர் ஒவ்வொன்றிலும் கிளிப் மாட்டிக் கயிற்றைக் கோத்துக்கொண்டே போக வேண்டும். கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். விழுந்தால், கடைசியாகக் கோத்த போல்ட் தாங்கும். அந்தப் போல்ட்டுகளை எல்லாம் துளை போட்டு வைத்தவன் நான். போனில் வீடியோ பார்த்தும், ஊர் ஊராக ஏறப் போகிறவர்கள் வந்தபோது கூடவே நின்றும் கற்றுக்கொண்டது. மழைக்காலத்தில் பாறையின் அடிப்பாகம் கசியும், இரும்பு துருப்பிடிக்கும் என்று கீழ் மூன்றையும் துளையில் பசை ஊற்றி, அந்தப் பிடிப்பிலேயே நிற்கிற மாதிரி நட்டேன். நாலாவதுக்கு வரும்போது பசை தீர்ந்துபோனது. அதிலிருந்து மேலே எல்லாம் அடித்து இறுக்குகிற சாதா வகை. அதில் எனக்கு ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது.

அப்புறம் அந்த மெத்தை. முதல் போல்ட் கொஞ்சம் உயரம். அதற்கு முன்னால் விழுந்தால் தரைதான். அதனால் அடியில் உதிர்ந்த சருகை எல்லாம் வாரிப் பாறையோடு ஒட்டிக் குவித்தோம். நாளடைவில் அது சடங்காகவே ஆகிவிட்டது: ஏறுவதற்கு முன் ஆளுக்கு ஓர் அணைப்புச் சருகு. ரெண்டு வருஷத்தில் இடுப்பு உயரம் வந்துவிட்டது. "எங்க வீட்லகூட இம்புட்டு நல்ல மெத்தை கெடையாதுண்ணே" என்று அதில் விழுந்து புரளுவாள்.

பங்குனியில் மலை எரிந்தது. தோட்டக்காரர் போன் போட்டார். "மேல புடிச்ச தீ கீழ எறங்கிருச்சு. ஒங்க பாறையையும் ஒரு கை பாத்துட்டுத்தான் போச்சு."

ரெண்டு மழை பெய்து மலை ஆறியதும் போனோம். நிழல் பாதி போயிருந்தது. மரங்கள் நின்றன, இலைதான் இல்லை. பாறையின் அடி முழுக்கக் கரி. சூட்டில் பாறை தோலுரியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். சுத்தியலால் ஒவ்வோர் இடமாகத் தட்டிப் பார்த்தேன். கணீரென்றால் நல்லது, தொப்பென்றால் சில்லு பெயரப் போகிறது. பெயர்கிறதை எல்லாம் தட்டி உதிர்த்தேன். என் பயமெல்லாம் பாறை மேலேயே இருந்தது. இரும்புக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்துவிட்டேன்.

அவள் ஏறினாள். முதல் கிளிப், ரெண்டாவது கிளிப். நான் கயிறு விட்டுக்கொண்டே ஓரடி நகர்ந்தேன். கால் கணுக்கால் வரை சாம்பலில் புதைந்தது. சுற்றிலும் விரல் கனம்தான் சாம்பல், இங்கே மட்டும் ஏன் இவ்வளவு?

அப்போதுதான் உறைத்தது. இது எங்கள் மெத்தை. காட்டுத் தீ இலையை நக்கிக்கொண்டு ஓடியிருக்கும். இங்கே மட்டும் உட்கார்ந்து எரிந்திருக்கிறது. அடுப்பு கூட்டிக் கொடுத்தவர்கள் நாங்கள். நிமிர்ந்து பார்த்தேன். முதல் போல்ட்டின் கழுத்தில் பழுப்பு வெள்ளையாக இருக்க வேண்டிய பசை, காய்ந்த காப்பித்தூள் மாதிரி இருந்தது.

அதற்குள் மூன்றாவதைக் கோத்துவிட்டாள். அங்கே அவளுக்கு ஒரு பழக்கம். அதற்கு மேலேதான் கஷ்டமான இடம், ஒரே மூச்சில் அவள் ஏறினதே இல்லை. அதனால் மூன்றாவதில் கயிற்றில் தொங்கி இளைப்பாறுவாள்.

"அண்ணே, இறுக்கிப் பிடிங்க. செத்த நேரம் உக்காந்துக்கிறேன்."

"உக்காராத!"

"ஏண்ணே, கயிறு கோவிச்சுக்கிருச்சா?"

உண்மையைச் சொன்னால் பயத்தில் விழுவாளோ. சொல்லாவிட்டால் உட்கார்ந்தே விழுவாள்.

"கீழ இருக்க மூணு போல்ட்டும் தீயில வெந்துபோச்சுன்னு நெனைக்கிறேன். பசை போயிருச்சு. கயித்துல கனம் வைக்காத."

பாறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்: "இம்புட்டு நேரம் எங்க இருந்தீக?"

"எறங்கிரு தாயி, மெதுவா."

ஒரு காலைக் கீழே விட்டுத் துழாவினாள். கரி வழுக்கியது. காலை மேலே இழுத்துக்கொண்டாள். "கால் வைக்கிற எடம் தெரியலண்ணே. நாலாவது நல்லாருக்கா?"

"அதுக்குப் பசை கெடையாது. தீயும் அம்புட்டு ஒசரம் போகல."

"அப்ப ஏறுறேன்."

அவளுடைய இடது கால் தறி மிதிக்கிற மாதிரி ஆடியது. என் கையில் கயிறு இருந்தது, ஆனால் அது எதிலும் மாட்டாத கயிறு மாதிரித்தான். கரியான கையைப் பேண்ட்டில் துடைத்தாள், ரெண்டு தடவை. வலது கையை விரிசலில் செருகி எழும்பினாள். ஒரு சில்லு பெயர்ந்து என் காலடியில் விழுந்தது. நான் சாம்பலைப் பார்த்தேன். இடுப்பு உயரம் இருந்த மெத்தை இப்போது கணுக்கால் உயரம்.

கிளிப் சத்தம் கேட்டது.

"இப்ப இழுங்க" என்றாள். இழுத்தேன். தொங்கினாள். நாலாவது தாங்கியது. கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அவளை இறக்கினேன்.

இறங்கி வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் கயிற்றின் மறுமுனையை என்னிடம் நீட்டினாள். "நான் பிடிக்கிறேன். நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க." நாலாவதில் தொங்கும் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறினேன். மூன்றாவது வளையத்தில் ஸ்பேனரைக் கொடுத்துத் திருகினேன். கரகரவென்று சுற்றியது. நாலு சுற்றில், ஈறு விட்ட பல் மாதிரி, தூளோடு கையில் வந்துவிட்டது.

கீழே வந்து அவள் கையில் வைத்தேன். உள்ளங்கையில் எடை பார்த்தாள். "இதுல உக்காரத்தான போனேன்" என்றாள், அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாப்பில் அவள் புருஷன் வழக்கம்போல டீ கிளாஸோடு நின்றார். "பாத்துக் கூட்டிட்டு வந்தீகளாண்ணே?" என்றார். எப்போதும் 'வந்தாச்சு' என்பேன். அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை. மெத்தையிலிருந்து பசை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் பையிலிருந்து போல்ட்டை எடுத்து நீட்டினாள். அவர் மெக்கானிக் கண்ணால் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒட்டியிருந்த தூளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பாதி டீயை ரோட்டோரம் ஊற்றிவிட்டு, "அடுத்த தடவ நானும் பாறைக்கு வாரேன்" என்றார்.