ஆறு வோல்ட்டுக்கு எதற்குத் தடித்த கம்பி?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், எங்கள் பக்கம் மின்சாரம் வந்த புதிது. குலசேகரத்து ரப்பர் தோட்ட மேலாளர் ஒருவர் கழித்துப்போட்ட காரை வாங்கி, நானே கழற்றி மாட்டி ஓட வைத்துவிட்டேன். முன்விளக்குகள்தான் பாக்கி. எலி கடித்த பழைய கம்பிகளைப் பிய்த்தெறிந்துவிட்டு, புதுக் கம்பி வாங்கக் கோட்டாற்றுக்குப் போனேன்.

"காருக்கா? இதக் கொண்டு போங்க" என்று கடைக்காரர் தடித்த கம்பி ஒன்றை எடுத்துப் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டு விளக்குக்கு இருநூறு வோல்ட்டுக்கு மேல். என் கார் பேட்டரி வெறும் ஆறு. ஆறுக்கு எதற்கு இத்தனை தடிமன்? வாசல் மணிக்குப் போடும் மெல்லிய கம்பியைக் கேட்டு வாங்கினேன்.

"பொறவு குத்தம் சொல்லப்பிடாது" என்றார் அவர். இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வயதில் எனக்குத் தெரியாதது என்று எதுவும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவியையும் நான்கு மாதக் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு பூதப்பாண்டியில் இருந்த மாமனார் வீட்டுக்குக் கிளம்பினேன். பொழுது சாயவில்லை. ஆனாலும் வயலில் நிற்பவர்கள் பார்க்கட்டுமே என்று விளக்கைப் போட்டேன்.

"இஞ்ச பாருங்க, இந்தக் கம்பி சுடுது" என்றாள் மனைவி.

"வெளக்கு எரிஞ்சா சுடத்தான் செய்யும். சும்மா இருட்டி."

அடுத்த நிமிடம் காலடியிலிருந்து புகை கிளம்பியது. பெட்ரோல் தொட்டி எங்கள் இருக்கைக்கு அடியில்தான் இருந்தது. வண்டியை நிறுத்தினேனே தவிர, அதற்குமேல் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் குழந்தையை என் மடியில் போட்டாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, பேட்டரியிலிருந்து வந்த கம்பியை ஒரே இழுப்பில் பிடுங்கினாள். புகை மெல்ல அடங்கியது.

அப்பாடா! இறங்கி வரப்பில் உட்கார்ந்து குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை, தூங்கிக்கொண்டிருந்தது. சிரித்தேன், உடனே அழுதேன். வழியில் போனவர்கள் பார்த்தார்கள், எனக்கு வெட்கமாகவே இல்லை. வோல்ட் குறைந்தால், அதே வெளிச்சத்துக்குக் கம்பி வழியே கூடுதல் மின்சாரம் ஓட வேண்டும், அதற்குத்தான் தடித்த கம்பி என்பதெல்லாம் பிறகு கடைக்காரரிடம் தலைகுனிந்து நின்று கேட்டுக்கொண்டது.

அவள் உள்ளங்கையில் ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. அதைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "எனக்க தப்புதான்." கல்யாணமான நாள்முதல் அவளிடம் நான் சொல்லாத வார்த்தை.

அவள் கையை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "இதக் கேக்கதுக்கு ஒரு காரு எரியணுமா?"