'காலஞ்சென்ற' என்ற ஒரு சொல்

"மூத்தவர்ட பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற' போடுறதா, வேணாமா அக்கா?" என்று செங்கலடியில் அச்சகத்துத் தம்பி அண்ணனின் பெயரைக் காட்டிக் கேட்டார். அம்மாவின் மரண அறிவித்தல் அடிக்கப் போயிருந்தேன். எல்லா அறிவித்தலுக்கும் கேட்கிற கேள்விதான், அவரில் பிழையில்லை. ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எழுதித் தந்தபடியே போடுங்கள் என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போல. உள்ளே காகிதம் வெட்டிக்கொண்டிருந்தவரும் திரும்பிப் பார்த்தார்.

எழுதிக் கொடுப்பது எங்கள் வீட்டில் எப்போதும் என் வேலை. கையெழுத்து அழகு, அழகு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லியே என்னைக் கெடுத்து வைத்திருந்தார்கள். எனக்குப் பதின்மூன்று வயதானபோது, ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறவர்களின் பெயரை எழுதிக் கதவடியில் மாட்ட வேண்டும் என்று இராணுவம் உத்தரவு போட்டது. வாவிக்கு இந்தக் கரையில் அவர்கள். அந்தக் கரையில், படுவான்கரையில், அவர்களோடு சண்டை பிடிக்கிற இயக்கம். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அண்ணன் தோணியேறி அந்தப் பக்கம் போயிருந்தார். ஏன் போனார் என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்த நாளில் எங்கள் ஊரில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அப்பாவின் பெயரையும் அம்மாவின் பெயரையும் எழுதிவிட்டு, கை பழகின பழக்கத்தில் அண்ணனின் பெயரில் முதலெழுத்தையும் எழுதிவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ரெண்டு புள்ளதான் எண்டு எழுது."

பிளேடால் அந்த எழுத்தைச் சுரண்டினேன். அட்டை அந்த இடத்தில் மெலிந்து வெளிறிப் போனது. அதன் மேலேயே என் பெயரை எழுதினேன். முகாமில் கொண்டுபோய் முத்திரை குத்தி வாங்கி வந்து அப்பா மாட்டினார்.

அம்மா அத்தோடு நிற்கவில்லை. அண்ணனின் படங்கள், பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட ரிப்போட் எல்லாம் அடுப்புக்குள் போயின. சொந்தக்காரர் கேட்டால் மூத்தவன் வெளிநாடு போய்விட்டான் என்பார். நாலு வயதுத் தங்கச்சிக்கு, யார் கேட்டாலும் 'அக்காவும் நானும்தான்' என்று சொல்லப் பழக்கினார். அவளும் பாட்டுப் போலப் பாடமாக்கிக்கொண்டாள்.

ஒரு வருடம் கழித்து, பொழுதுபடுகிற நேரம், மீன்காரர் மாதிரிச் சாரமும் கூடையுமாக அண்ணன் வாசல் படலையடிக்கு வந்தார். தங்கச்சி அங்கே விளையாடிக்கொண்டிருந்தாள். யார் நீங்கள், எங்கள் வீட்டில் அக்காவும் நானும்தான் என்றாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நல்லாத்தான் பழக்கி வைத்திருக்கிறீர்கள் என்று அம்மாவிடம் சொன்னார். குசினிக்குள் நின்றபடியே நாலு வாய் சோறு தின்றுவிட்டுப் போனார். அதுதான் கடைசி. சண்டையில் போனாரா, பிடிபட்டாரா, ஒருவருக்கும் தெரியாது.

சண்டை முடிவதற்கு முன்பே அப்பா கண்ணை மூடிவிட்டார். முடிந்த பிறகு, பிள்ளைகளைத் தேடுகிற தாய்மாரோடு அம்மாவும் வீதியோரத்தில் போய் இருந்தார். மற்றவர்கள் மடியில் பிள்ளையின் படம் இருக்கும். அம்மாவிடம் படம் ஏது? ஒரு மட்டையில் நான் எழுதிக் கொடுத்த பெயரைத்தான் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருப்பார். படம் இல்லையா என்று யாராவது கேட்டால் எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கும்.

காணாமல் போனவர்களைப் பற்றி விசாரணைக்கு வந்தவர்கள் ஏதாவது பத்திரம் கேட்டார்கள். முத்திரை குத்தின காகிதம் என்று எங்களிடம் மிஞ்சியிருந்தது அந்தப் பெயர் அட்டை ஒன்றுதான். அம்மா அதைச் சீலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். பதிகிற பொடியன், ஓட்டமாவடிப் பிள்ளை, இரண்டு தரம் வாசித்தான்.

"அம்மா, இதில மூத்த மகன்ட பேர் இல்லையே?"

"ஓம் மனே. நான்தான் இல்லையெண்டு எழுதச் சொன்னன்."

அவன் பேனையைக் கீழே வைத்தான். பாவம், அதை எந்தக் கட்டத்தில் எழுதுவான்? பிறப்புச் சான்றிதழ் பிரதியோடு வரச் சொன்னான். அண்ணனின் பிறப்பைப் பதிந்த புத்தகம் பதிவுக் கந்தோரோடு எரிந்து போயிருந்தது. எத்தனையோ படி ஏறி இறங்கினோம். அப்படி ஒரு பிள்ளை இருந்தது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடைக்கவில்லை. அம்மா ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. இரண்டு ஏச்சு ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

போன வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது என் கையைப் பிடித்தார், அன்று பிடித்த அதே மணிக்கட்டை.

"என்ட நோட்டீசிலயாவது அவன்ட பேரப் போடு புள்ள. வெட்டிப் போடாத."

போட்டேன். மூன்று பிள்ளைகளின் அன்புத் தாயார் என்று, மூத்தவர் பெயர் முதலாவதாக, முன்னால் எந்தச் சொல்லும் இல்லாமல். சந்தியில் கம்பத்துக்குக் கம்பம் அண்ணனின் பெயர் ஒட்டியிருந்தது. செத்த வீட்டுத் துக்கத்துக்குள்ளும் அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

பெட்டி தூக்குகிற நேரம், தேற்றாத்தீவிலிருந்து வந்த மாமா கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். அம்மாவின் சித்தப்பா மகன். வெளிநாடு என்று அம்மா அந்தக் காலத்தில் சொன்னதையே நம்பிக்கொண்டிருந்த மனுசன். அறிவித்தல் அவர் கையில் இருந்தது.

"கொஞ்சம் பொறுங்க. மூத்தவன் வந்து முகம் பார்க்கட்டும். புள்ள, அவன் எங்க வந்துகொண்டிருக்கான்?"

தூக்கப் போனவர்கள் கையை எடுத்தார்கள். முற்றத்தில் பறை நின்றது. அண்ணன் காணாமல் போனது ஊர்க்காரருக்குத் தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவர் இல்ல மாமா. எடுங்க," என்றேன்.

இத்தனை வருடமாக அம்மாவின் காதில் விழாமல் நான் பொத்தி வைத்திருந்த சொல் அது. அம்மாவை முன்னால் கிடத்தி வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.