ஏழில் நிற்காத முள்

மீன் தொட்டித் தண்ணீர் எவ்வளவு புளிப்பு என்று சொல்கிற பெட்டி, சரியாகத்தான் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். பி.எச். மீட்டர் என்பார்கள். முள் ஏழில் நின்றால் நல்ல தண்ணீர். கீழே இறங்கினால் புளிப்பு, மேலே ஏறினால் காரம். ஐம்பதுகளின் கடைசியில் பெங்களூர்க் கடை முதலாளி ஒருவர் ஏதோ தொழிற்சாலைக்கென்று சீமையிலிருந்து இந்த மீட்டர்களை வரவழைத்தார். அவர்கள் வேண்டாமென்றதும், கூடத்தில் மீன் வளர்த்த பெரிய வீடுகளின் தலையில் கட்டினார். ஓசூர்ப் பக்கத்து வீடுகள் என் பொறுப்பு.

எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெங்களூரில் உத்தியோகம் என்பதற்காகவே பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து முதலாளி சொல்லிவிட்டார், ஒரு பெட்டி திரும்பி வந்தாலும் அதோடு நானும் ஊருக்குப் போய்ச் சேரலாம் என்று. வீடு வீடாக ரிப்பேர் பார்க்கப் போய் மோரும் திட்டும் வாங்கிய சகோதரர்களே, என் நிலைமை உங்களுக்குத்தான் புரியும்.

எல்லைச் சோதனை

மைசூர் ராஜ்யத்தில் சாராயக்கடை திறந்திருக்கும். எல்லை தாண்டினால் நம் பக்கம் மதுவிலக்கு. அதனால் பஸ்ஸை நிறுத்திப் பை பையாகத் துழாவுவார்கள். என் பையில் எப்போதும் இரண்டு பாட்டில் இருக்கும். ஒன்றில் முள் நாலில் நிற்க வேண்டிய திரவம், இன்னொன்றில் ஏழில் நிற்க வேண்டியது. இந்த இரண்டையும் வைத்துத்தான் மீட்டரை வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

போலீஸ்காரர் ஒரு தக்கையைப் பிடுங்கி மோந்து பார்த்தார். "குடிச்சுக் காட்டு" என்றார். "குடிக்கிறது இல்லீங்க, மீட்டருக்கு" என்றேன். எந்த மீட்டர் இதையெல்லாம் குடிக்கிறது என்று பஸ்ஸே எட்டிப் பார்த்தது. மறுபடி மோந்தார், என் வாயையும் மோந்தார். கடைசியில் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் முகத்தில் நிஜமாகவே இரக்கம் இருந்தது.

"வாசனையும் இல்லே, போதையும் இல்லே. இதைத் தூக்கிட்டு ஊர் ஊரா சுத்தறியே, உனக்கு வேற பொழப்பே கிடைக்கலியா?"

பாகலூரில் பொட்டு

பாகலூரில் ஒரு வீட்டில் மீட்டர் எந்தத் தண்ணீருக்கும் ஒரே எண்ணைக் காட்டுகிறது என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். தண்ணீரில் முக்குகிற குச்சியின் நுனியில் சுண்டைக்காய் அளவில் மெல்லிய கண்ணாடிக் குமிழ் இருக்கும். பெட்டிக்கு உயிரே அதுதான். எடுத்துப் பார்த்தேன். சரஸ்வதி பூஜை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. குமிழ் முழுக்கச் சந்தனம் அப்பி, நடுவில் அழகாகக் குங்குமம். காய்ந்து ஓடாகியிருந்தது.

ஊறவைத்து, பஞ்சால் துடைத்து, முள் அசைகிறவரை மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முள் அசைந்ததும் வீட்டம்மாவிடம், இனிமேல் பொட்டைப் பெட்டிக்கு வையுங்கள், குமிழுக்கு வேண்டாம் என்று பக்குவமாகச் சொன்னேன். அவருக்கு மனசே ஆறவில்லை.

"அய்யோ தேவுடா! கார் ஓடுது, தையல் மிஷின் ஓடுது, எல்லாத்துக்கும்தான் பொட்டு வெச்சேன். இது ஒண்ணுதான் கோவிச்சுக்கிச்சா?"

மிட்டாதார் வீடு

தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் குட்டி ஜமீன்தார் போல இருந்த மிட்டாதார் வீட்டில் முள் ஐந்தில் நின்றது. என் பாட்டில்களில் வைத்துப் பார்த்தேன். மீட்டர் கச்சிதமாக இருந்தது. கெட்டது தண்ணீர்தான். தொட்டியின் அடியில் கேழ்வரகுக் களி ஊறிப் புளித்துக்கொண்டிருந்தது. மிட்டாதார் தாம் சாப்பிடுகிற களியிலேயே மீனுக்கும் தினம் ஓர் உருண்டை போட்டு வந்திருக்கிறார். சொன்னதும் எழுந்துவிட்டார்.

"எங்க கெணத்துத் தண்ணி கெடுமா? பெட்டிதான் கெட்டுப்போச்சு. சாயங்காலம் எம் பையனுக்குப் பேசின பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க. ஒண்ணு முள்ளை ஏழுல நிறுத்து, இல்லே பெட்டியைத் தூக்கிட்டுக் கெளம்பு."

பெட்டியின் திருகைத் திருப்பினால் ஏழு வந்துவிடும், இரண்டு நிமிஷ வேலை. ஆனால் சம்பந்திகள் காபி குடிக்கிற நேரத்தில் மீன் மல்லாந்தால், பெட்டிக்கு முன்னால் என்னைத் தூக்கி வெளியே போடுவார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலோ கல்யாணம் அம்பேல். சொல்லிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்ததும், பெட்டி ரிப்பேருக்கு ஒரு வாளி வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். கால்சட்டையை மடித்துவிட்டு, களியை வழித்தெறிந்து, பாதித் தொட்டியை மொண்டு கொட்டினேன். கிணற்றில் இறைத்து இறைத்து ஊற்றினேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. முள் மெல்ல ஏறி ஏழில் வந்து நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் எல்லாம் நல்லபடியாக நடந்தது. அடுத்த மாதம் முள் மறுபடி ஐந்துக்கு இறங்க, ஆள் வந்தது. போனேன். தொட்டியடியில் புதுக் களி பழையபடி ஊறிக் கிடந்தது. மிட்டாதார் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"உன் கைராசிக்கு வேற யாரும் வர வேண்டாம்னு உங்க மொதலாளிக்குச் சொல்லி அனுப்பிட்டேன். மாசாமாசம் வந்து பெட்டியைச் சரி பண்ணிடு. வாளி கெணத்தடியிலேயே இருக்குது."

பெங்களூரில் உத்தியோகம் என்று நம்பிப் பெண் கொடுத்த என் மாமனாருக்கு, மாப்பிள்ளை தேன்கனிக்கோட்டையில் தண்ணீர் இறைத்துத்தான் குடித்தனம் நடத்தினார் என்பது கடைசிவரை தெரியாது.